அண்ணன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் நாய்களை விட்டுவைக்கலாமா?

கேள்வி: நாங்கள் வட கரோலினாவின் சார்லட்டில் இருக்கிறோம். அக்டோபர் இரண்டாம் வாரம், கனடாவின் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி, டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் உள்ள அண்ணன் வீட்டுக்கு 28 அடி மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துப் போகிறோம். பத்து நாள் பயணம். 11 வயது லாப்ரடார் ஒன்று, 32 கிலோ. 2 வயதில் இன்னொரு நாய், சின்னவள், 9 கிலோ. அண்ணிக்கு நாய் என்றாலே நடுக்கம். அம்மாவும் அங்கேதான் இருக்கிறார், நாய் காலில் சுற்றித் தடுக்கி விழுந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம். அதனால் நாங்கள் வீட்டுக்குள் இருக்கும் நேரம் முழுக்க நாய்களை டிரைவ்வேயில் நிற்கும் வண்டியிலேயே ஏ.சி. போட்டு விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். சரிப்படுமா? பெரியவனுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும், அதற்கு என்ன செய்வது? எல்லையில் என்ன காகிதம் கேட்பார்கள்? ஓடும் வண்டியில் கூண்டில் அடைப்பது பாவமாக இருக்கிறது, அவிழ்த்து விட்டால் என்ன?

கால்நடை மருத்துவர் பதில்:

உங்கள் கணவரின் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான்கு கேள்விகளில் உயிருக்கு அதிகம் உலை வைக்கக்கூடியது அதுதான். ஓடும் வண்டியில் நாயின் மேல் உங்கள் கண் இருக்கும். உறவினர் வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போது, உள்ளே பேச்சும் சிரிப்புமாக இருக்கையில், அந்தக் கண் இருக்காது.

மோட்டார்ஹோமின் கூரை ஏ.சி. 120 வோல்ட் மின்சாரத்தில்தான் ஓடும். வாடகை வண்டிகளில் உள்ள சாதாரண பேட்டரியால் அதை ஓட்ட முடியாது. முகாமில் 30 ஆம்பியர் இணைப்பு கிடைத்தால் கவலையில்லை. அண்ணன் வீட்டுச் சுவரில் இருப்பது 15 ஆம்பியர் பிளக். ஏ.சி. ஓடும்போதே 12 முதல் 14 ஆம்பியர் வரை இழுக்கும், கம்ப்ரெஸர் கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். கூடவே பேட்டரி சார்ஜரும் ஃபிரிட்ஜும் அதே கம்பியில் தொங்கும். பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். கராஜ் பிளக்காக இருந்தால் மழை ஈரத்துக்கே அதன் பாதுகாப்பு சுவிட்ச் தட்டிவிடுவதும் உண்டு. விழுந்தது வீட்டுக்குள் இருக்கும் யாருக்கும் தெரியாது. புல்வெட்டிக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஆரஞ்சு வயரை நீட்டிப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், கம்ப்ரெஸர் திணறும். அடாப்டர் போட்டால் பிளக் பொருந்தும், அவ்வளவுதான். ஆம்பியர் ஏறாது.

ஜெனரேட்டரை ஓட்டலாமே என்றால், தெருவில் பக்கத்து வீட்டார் சும்மா இருக்கமாட்டார்கள். அது போக, பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் எரிபொருள் கால் டேங்குக்கு வந்ததும் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். நடுவழியில் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உள்ளே நாய் இருப்பது அதற்குத் தெரியாது. வீட்டுச் சுவரை ஒட்டி வண்டி நின்றால் புகைக்குழாய் யார் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது என்பதும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

ஆனால் நீங்கள் போவது ஜூலையில் அல்ல. டொரோண்டோவில் அக்டோபர் நடுவில் பகல் வெப்பம் 14, 15 டிகிரி செல்சியஸ், இரவில் 6 டிகிரி அளவுக்கு இறங்கும். பெரும்பாலான நாட்களில் உங்களுக்கு வேண்டியது ஏ.சி. அல்ல, வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸும் காற்றோட்டமும். ஃபர்னஸ் புரோபேனில் எரிந்தாலும் அதன் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் சுற்றுகிறது. பேட்டரி பழசாக இருந்தால் விடிவதற்குள் விசிறி நிற்கும், ஃபர்னஸும் அணையும். இங்கேதான் அந்த 15 ஆம்பியர் பிளக் உதவும். பேட்டரியைச் சார்ஜில் வைத்து, ஃபர்னஸ் விசிறிக்கும் கூரை வென்ட் விசிறிக்கும் அது தாராளமாகத் தாங்கும். சிறிய மின் ஹீட்டரை மட்டும் வைக்காதீர்கள். 1,500 வாட் என்றால் 12.5 ஆம்பியர், ஏ.சி.க்கு வந்த அதே வம்பு. லாப்ரடார் வால் ஒரு வீச்சில் அதைக் கவிழ்த்துவிடும் என்பது தனி.

வெயில் அடிக்கும் பகலில் 15 டிகிரியிலும் மூடிய வண்டிக்குள் சூடு ஏறும். முன் கண்ணாடிக்கு வெப்பம் தடுக்கும் திரை போடுங்கள், கூரை வென்ட்டை வெளிக்காற்று வரும்படி திறந்து வையுங்கள். செல்போன் சிம் மூலம் எச்சரிக்கை அனுப்பும் வெப்பமானி ஒன்றும் கட்டாயம் வேண்டும். வீட்டு வைஃபையை நம்பும் கருவி வேண்டாம், மின்சாரம் போனால் வைஃபையும் போகும். வாங்குமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: மின்சாரம் துண்டித்தால் தனியாக எச்சரிக்கை வருமா, அதன் சிம் கனடாவில் வேலை செய்யுமா? அமெரிக்காவுக்கு மட்டும் சந்தா கட்டிய கருவி கனடா எல்லை ஊரான ஃபோர்ட் ஈரியைத் தாண்டியதும் ஊமையாகிவிடும். மேல் எல்லை 26, கீழ் எல்லை 12 டிகிரி என்று வைத்து, அண்ணன் வீட்டுக்குப் போன அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். போன் அடித்தால்தான் அதை நம்பலாம். வண்டிச் சாவி ஒன்று அண்ணனிடம் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால், நீங்கள் வீட்டுக்குள் இருக்கும்போது இரண்டு மணி நேரம், அதிகம் போனால் மூன்று, நாய்கள் வண்டியில் இருக்கலாம். 11 வயதுக்காரனுக்குச் சிறுநீர் அடக்க அதற்கு மேல் முடியாது. எல்லாருமாகக் காரில் ஏறிக் கோயிலுக்கோ கடைக்கோ போகிற வேளையில் விடக்கூடாது. எச்சரிக்கை வந்தாலும் ஓடிவர ஆள் இருக்காது.

என்னைக் கேட்டால் வேறு வழி நல்லது. ஸ்கார்பரோ வீடுகளில் பேஸ்மென்ட் இல்லாத வீடு அபூர்வம். வண்டியில் பழகிய அதே கூண்டுகளைப் பகலில் பேஸ்மென்டில் இறக்கி வையுங்கள், படிக்கட்டு மேலே குழந்தைத் தடுப்பு ஒன்று. அண்ணி மேலே நிம்மதியாக இருப்பார், அம்மாவின் காலில் யாரும் சுற்றமாட்டார்கள், பிரேக்கர் விழுந்தாலும் நாய்க்கு ஒன்றுமில்லை. அண்ணியைக் கட்டாயப்படுத்தி நாயைத் தடவ வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம். மூடிய கூண்டுக்குள் நாய் தூங்குவதைத் தூரத்தில் இருந்து பார்ப்பதே முதல் வருகைக்குப் போதும்.

ஆகவே பாவம் என்று நீங்கள் நினைக்கும் கூண்டில்தான் இந்தப் பயணமே நிற்கிறது. பழக்க ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கதவைக் கழற்றிவிட்டு உள்ளேயே சாப்பாடு. பிறகு சாப்பிடும்வரை கதவு சாத்தல், பிறகு அரை மணி, பிறகு நீங்கள் அறையில் இல்லாத ஒரு மணி நேரம். மூன்றாம் வாரத்தில் கூண்டோடு காரில் ஊரைச் சுற்றுங்கள். அவிழ்த்து விட்ட நாய், பிரேக் அழுத்தும்போது முன்னால் பறக்கும். விபத்துக்குப் பின் கதவு திறந்தால் நெடுஞ்சாலையில் ஓடும். முன் இருக்கையில் மடியில் வைத்தாலோ, ஏர்பேக் விரியும்போது நசுங்குவது அதுதான்.

கூண்டு வாங்குமுன் வண்டியின் ஸ்லைட்-அவுட் (நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப்பகுதி) உள்ளே இழுத்த நிலையில் தரையை அளக்கச் சொல்லுங்கள். முகாமில் விசாலமாகத் தெரிகிற இடம், ஸ்லைட் உள்ளே வந்ததும் ஒரு ஆள் நடக்கும் சந்தாகிவிடும். லாப்ரடாருக்கான கூண்டு அங்கே அடங்காமல் போவது அடிக்கடி நடப்பது. வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர் படம் அனுப்பினால் போதாது, அங்குலக் கணக்கு வேண்டும். இடம் என்றால் ஓட்டுநர் இருக்கைக்குச் சற்றுப் பின்னால், இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவே, தரையில். பின் படுக்கையறை ஆகாது. பின் அச்சைத் தாண்டி நீண்டு நிற்கும் பகுதிதான் அதிகம் ஆடும், வாந்தியும் அங்கேதான் வரும். தரையோடு போல்ட் போட்ட சீட் பெல்ட் கொக்கிகளில் ராட்செட் பட்டை கொண்டு கூண்டை இறுக்குங்கள். ரப்பர் கயிறு எதற்கும் உதவாது. ஸ்லைடை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாயும் கூண்டில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். அந்த மோட்டாருக்கு இடையில் சிக்கியது கால் என்று தெரியாது.

பெரியவனுக்குப் படி இன்னொரு சோதனை. மோட்டார்ஹோமின் இரும்புப் படி ஓட்டை ஓட்டையாக இருக்கும், நகம் மாட்டும். கீழே வெளிச்சம் தெரிவதால் பல நாய்கள் கால் வைக்கவே மறுக்கும். படிக்குக் கம்பள உறை மாட்டுங்கள். மூட்டுவலி இருந்தால் 1.8 மீட்டர் சாய்வுப் பலகை வாங்கி வீட்டுத் திண்ணையிலேயே பழக்குங்கள். அதைவிடக் குட்டையானது செங்குத்தாக நிற்கும்.

வாந்திக்கு வருகிறேன். மாரோபிடன்ட் மாத்திரை நன்றாகக் கேட்கும், மருத்துவர் சீட்டு வேண்டும். பயண வாந்திக்கான அளவு கிலோவுக்கு 8 மில்லிகிராம். வயிற்றுக் கோளாறு வாந்திக்குக் கொடுப்பது கிலோவுக்கு 2 மில்லிகிராம்தான். வீட்டில் முன்பு கொடுத்து மிச்சமான மாத்திரையை அதே கணக்கில் போட்டுவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்கள் நிறைய. இந்த உயர்ந்த அளவை அடுத்தடுத்து 2 நாளுக்கு மேல் கொடுப்பதில்லை. வண்டி கிளம்ப 2 மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் அல்லாமல் ஒரு வாய் உணவோடு கொடுங்கள். முழுச் சாப்பாடு பயணத்துக்கு 4 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும், அதுவும் பாதி அளவு. 11 வயதில் ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்த பிறகே இதைத் தொடங்குங்கள். வளைவு இல்லாத சாலையிலும் எச்சில் வடிந்து நடுங்கினால் அது பயம். அதற்கு கபாபென்டின், டிராசோடோன் என்று வேறு மருந்துகள், வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்க்காமல் சாலையில் தொடங்கக் கூடாது. மனிதர்களுக்கான கபாபென்டின் திரவத்தில் சைலிடால் என்ற இனிப்பூட்டி கலந்திருக்கலாம். நாய்க்கு அது விஷம்.

வளைவில் பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. ஐ-77 நெடுஞ்சாலையில் வர்ஜீனியாவின் ஃபேன்சி கேப் மலை ஏற்றம், பிறகு மேற்கு வர்ஜீனியா மலைகள். ஆகவே முதல் நாளைச் சுருக்கி மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் பக்கம் தங்கிவிடுங்கள். மறுநாள் ஐ-79 வழியாக பென்சில்வேனியாவின் ஈரி நகரம், மூன்றாம் நாள் பஃபலோ தாண்டி ஸ்கார்பரோ. ஒரே மூச்சில் 1,300 கிலோமீட்டர் போய்ச் சேரலாம் என்ற எண்ணம் முதிய நாய்க்கு ஒத்துவராது. இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை கால் மணி நேரம் நிறுத்தி நடக்க விடுங்கள். ஃபேன்சி கேப்பில் அதிகாலைப் பனிமூட்டம் பேர்போனது, வெயில் ஏறிய பிறகு அந்த இடத்தைக் கடப்பது உத்தமம். வீட்டில் குடிக்கும் தண்ணீரையே 20 லிட்டர் எடுத்துக்கொண்டால் முதல் சில நாள் பேதியைத் தவிர்க்கலாம். லாப்ரடார் நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிப்பான்.

காகித விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. கனடாவுக்குள் போக, ஒவ்வொரு நாய்க்கும் மருத்துவர் கையெழுத்திட்ட ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். அதில் நாயின் இனம், நிறம், எடை, ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், வரிசை எண், எத்தனை ஆண்டுக்குச் செல்லும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். கழுத்து வில்லை மட்டும் போதாது. சின்னவள் பிட்புல் கலப்பு போலத் தெரிந்தால் முன்பே விசாரியுங்கள், ஒன்டாரியோவில் அந்த வகைக்குத் தடை இருக்கிறது. நாய் உணவு அமெரிக்கத் தயாரிப்பாக, அதன் அசல் பையிலேயே இருக்க வேண்டும், 20 கிலோவுக்கு மேல் கூடாது. டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். விறகு எடுத்துப் போகவே வேண்டாம்.

பலர் மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். ஆகஸ்ட் 2024 முதல், அமெரிக்காவுக்குள் வரும் ஒவ்வொரு நாய்க்கும் சி.டி.சி.யின் (அமெரிக்க நோய்த்தடுப்பு அமைப்பு) நாய் இறக்குமதிப் படிவம் இணையத்தில் நிரப்பிய ரசீது வேண்டும். அமெரிக்காவிலிருந்து போய்த் திரும்பும் நாய்க்கும் இதே விதி. கட்டணம் இல்லை, ஒரு நாய்க்கு ஒரு படிவம், 6 மாதம் செல்லும். நாய் குறைந்தது 6 மாத வயதாகவும், ஸ்கேனர் படிக்கக்கூடிய மைக்ரோசிப் உள்ளதாகவும் இருக்க வேண்டும். சின்னவளுக்குச் சிப் இருக்கிறதா என்று இப்போதே ஸ்கேன் செய்து பாருங்கள். சிப் எண் படிவத்தில் கேட்கப்படும். கடந்த 6 மாதத்துக்குள் நாய் இந்தியாவுக்குப் போய் வந்திருந்தால் இந்த எளிய வழி கிடையாது, விதிகள் வேறு. இரண்டு எல்லையிலும் அதிகாரி வண்டிக்குள் ஏறிப் பார்க்கலாம், நாய்கள் கூண்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. வாடகை வண்டியை எல்லை தாண்ட அனுமதிக்கும் கடிதமும் காப்பீடும் கையில் இருக்கட்டும்.

தங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டொரோண்டோவில் பலகை எதுவும் இல்லாத தெருவிலும் 3 மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தக் கூடாது. டிரைவ்வேயில் மோட்டார்ஹோம் நிறுத்துவதற்கும் நகர விதிகள் உண்டு, அண்ணனை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் முகாமுக்குப் போவதானால், ஒன்டாரியோ மாகாணப் பூங்கா முகாம்கள் பலவும் தேங்க்ஸ்கிவிங்கோடு கடையைக் கட்டிவிடும். முன்பதிவு 5 மாதம் முன்பே திறப்பதால் மின் இணைப்புள்ள இடங்கள் சீக்கிரம் தீரும். பூங்காக்களில் 2 மீட்டருக்கு மேல் நீளமான கயிறு கூடாது.

இலையுதிர் காலத்துக்கே உரிய ஆபத்துகளில் முதலாவது உண்ணி. குளிர் வந்தால் உண்ணி போய்விடும் என்று நினைப்பது தவறு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் வளர்ந்த பூச்சிகள் அதிகம் திரிவதே அக்டோபர், நவம்பரில்தான். 4 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும், செடி நுனியில் காத்திருக்கும். பென்சில்வேனியா முழுக்க உண்டு, ஸ்கார்பரோவில் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கமும் உண்டு. மாதாந்தர உண்ணி மாத்திரை தவறக் கூடாது. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், மாத்திரை வகை மாற வேண்டியிருக்கும். லைம் தடுப்பூசியும் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) தடுப்பூசியும் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை, ஆகவே ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்க வேண்டும். இரவுதோறும் கழுத்துப் பட்டையைக் கழற்றி அதன் அடியிலும், காதுமடல், அக்குள், தொடை இடுக்கு, விரல் நடுவிலும் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் தொற்றும் வாய்ப்பு குறைவு.

மரத்தடியில் கறுத்து அழுகிக் கிடக்கும் கறுப்பு வால்நட் தோல்களைச் சின்னவள் கவ்வ விடாதீர்கள். அதில் வளரும் பூஞ்சையின் விஷம் கைகால் உதறி வலிப்பு வரை கொண்டுபோகும். அப்பலாச்சிய மலைப் பகுதிகளிலும் ஒன்டாரியோவிலும், ரக்கூன்களுக்கான ரேபிஸ் தடுப்பு மருந்து வைத்த இரை உருண்டைகளை இலையுதிர் காலத்தில் விமானத்திலிருந்தும் கையாலும் போடுவார்கள். மீன் வாசமோ வெனிலா வாசமோ அடிக்கும். நாய் தின்றுவிட்டால் பதற வேண்டாம், நிறையத் தின்றால் வயிறு கெடும், அவ்வளவே. வாய்க்குள் கைவிட்டுப் பிடுங்காதீர்கள், மருந்து உங்கள் கையில் படும். மலை ஓரங்களில் மான் வேட்டைக் காலம் என்பதால் இரண்டுக்கும் ஆரஞ்சு மேலாடை.

வாடகை வண்டியை வாங்கிய அன்று, நாய்களை ஏற்றுமுன் டார்ச் அடித்து மேசை இருக்கைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழ், வெளி அலமாரிகளில் எலி மருந்து இருக்கிறதா என்று தேடுங்கள். நிறுத்தி வைத்த மோட்டார்ஹோமில் எலி புகும், உரிமையாளர் மருந்து வைப்பார், பிறகு மறந்துவிடுவார். ஒரு வகை ரத்தத்தை உறையவிடாது, 3 முதல் 5 நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவு தெரியும், அதற்கு வைட்டமின் கே1 உண்டு. ப்ரோமெத்தலின் என்ற வகைக்கு மாற்று மருந்தே கிடையாது. உறையைப் படம் பிடித்துவிட்டு உடனே பெட் பாய்சன் ஹெல்ப்லைனை 855-764-7661 என்ற எண்ணில் அழையுங்கள், கனடாவிலிருந்தும் கிடைக்கும், கட்டணம் உண்டு. அலமாரியில் அந்துருண்டை இருந்தால் அதையும் எறியுங்கள். முகாம்களில் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க ஊற்றும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் அவ்வளவு ஆபத்தில்லை. கார் ரேடியேட்டர் ஆன்டிஃப்ரீஸ் இனிக்கும், மூன்று நான்கு மேசைக்கரண்டி 9 கிலோ நாயைக் கொல்லும், 8 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் சிறுநீரகம் பிழைக்கும்.

அண்ணன் வீட்டுச் சமையலறைக்கு ஒரே விதி: நாய்க்கு நாய் உணவு மட்டும். பாயசம், கேசரியில் உள்ள திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெங்காயம் சேர்ந்த சாம்பாரும் வடையும் ரத்தத்தை, பிரியாணி எலும்பு குடலை. பாசத்தோடு ஊட்டும் கை அம்மாவுடையதாகத்தான் இருக்கும், அவரிடம் ஒரு டப்பா நாய் பிஸ்கட்டைக் கொடுத்துவிடுங்கள், கை சும்மா இருக்காது. அம்மாவின் மாத்திரைப் பெட்டி உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

ஊர் திரும்பி 4 முதல் 6 வாரம் கழித்து இருவருக்கும் உண்ணி நோய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், உடனே செய்தால் ஒன்றும் காட்டாது. லைம் அறிகுறிகள் கடித்த 2 முதல் 5 மாதத்தில் வரும். ஜனவரியில் பெரியவன் ஒரு நாள் ஒரு கால், மறுநாள் இன்னொரு கால் என்று நொண்டினால், வயதான மூட்டு என்று விட்டுவிடாமல், அக்டோபரில் பென்சில்வேனியாவிலும் ஒன்டாரியோவிலும் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.